புல் மறைத்த கால்கள்

“இந்த மூணாவதோட காலை யாரும்மா இப்படி அம்போன்னு விட்டது?”

முதலாளி அவளிடம் கேட்டபோது அவளுடைய அண்ணி பட்டறையில் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மத்தியானமே கிளம்பியிருந்தாள். மிருகக்காட்சி சாலை வாசலில் நிறுத்த மூன்று ஃபைபர் ஒட்டகச்சிவிங்கிகள். மூன்றும் மூன்று வகை. வண்ணம் தீட்டுவது அண்ணி. இது நன்றாக வந்தால் உள்ளே இருக்கும் நீளச் சுவர் முழுக்க வரைகிற வேலையும் அண்ணிக்குத்தான் என்று பேச்சு. தூக்கத்தில்கூடச் சுவர், சுவர் என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த நாத்தனாரான அவளை, “என்கூட வரட்டும், தொழில் பழகட்டும்” என்று கூட்டிவந்து உப்புத்தாள் தேய்க்க வைத்ததும் அண்ணிதான்.

பட்டறைச் சுவரில் மாதிரிக்காக மூன்று படங்கள் ஒட்டியிருந்தன. முதலாவதன் உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் வலை போட்டிருக்க, நடுவே கட்டம் கட்டமாகச் செம்பழுப்பு. இரண்டாவதன் திட்டுகள் பிய்த்துப்போட்ட இலைபோல ஓரமெல்லாம் கிழிந்து, குளம்புவரை இறங்கியிருந்தன. மூன்றாவது முழங்கால் உயரப் புல்லில் நின்றது; அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அண்ணி தீட்டிய சிலையிலும் திட்டுகள் முழங்காலோடு நின்றிருந்தன. கீழே வெறும் வெள்ளை.

கிளம்பும்போது அண்ணி, “அது முடிஞ்சுது பாப்பா, தொடாதே” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அது நாத்தனாரின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் இதுவரை ஏறிட்டும் பார்க்காத முதலாளி, இன்று அவளிடம் வந்து கேட்கிறார்.

“அண்ணிதான் சார்... அவசரத்துல விட்டுட்டாங்க. நான் போட்டுடட்டுமா?”

“உனக்கு வருமா?”

“வரும் சார்.”

வந்தது. இரண்டாவதைப் பார்த்துப் பார்த்து அப்படியே குளம்புவரை இறக்கினாள். அச்சு வார்ப்பவர்கள் கூடி நின்று, “அட, பூனை மாதிரி இருந்துட்டு என்னமா போடு போடுது!” என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் மிருகக்காட்சி சாலை டாக்டர் சிலைகளைப் பார்க்க வந்தார். மூன்றாவதன் முன்னால் நின்றதும் சிரித்துவிட்டார்.

“இதோட காலுறையை யாருங்க கழட்டினது?”

முதலாளி விழித்தார்.

“இந்த வகைக்கு முழங்காலுக்குக் கீழே திட்டே கிடையாதுங்க. வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். அதை வச்சுதானே அடையாளமே சொல்றோம்! பெயிண்ட் அடிக்கிற அந்தம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேனே.”

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அண்ணி மூச்சு வாங்க உள்ளே வந்தது அப்போதுதான். முதலாளி பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சும், சின்னப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டியா? நாளைக்கு வண்டி வருது. மொத்தத்தையும் தேய்ச்சு எடுக்கணும். சுவத்துக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

அண்ணி கால்களைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இவளே உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தது. அவளோ உப்புத்தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். டாக்டர் போனார். முதலாளியும் போனார்.

சாயங்காலம்வரை இருவரும் ஆளுக்கொரு காலாக உட்கார்ந்து தேய்த்தார்கள். பழுப்புத் தூள் அண்ணியின் இமையில்கூடப் படிந்திருந்தது. கடைசிக் காலில் அவளுக்கு ஒருவழியாகக் குரல் வந்தது.

“நீங்க சொன்னீங்க அண்ணி. எனக்குக் கேட்டுது.”

கேட்க வேண்டியவர் போன பிறகு சொல்லி யாருக்கு என்ன? குனிந்தவள் நிமிரவில்லை.

அண்ணி கை கழுவினாள். தினமும் “வா பாப்பா, பஸ் போயிடும்” என்று கத்துகிறவள், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளையாகிவிட்ட அந்தக் கால்களைத் தாண்டி வெளியே நடந்தாள்.