ஒரு சாயல் மஞ்சள்

அவள் பல் செய்பவள். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் மெழுகுக்கும் அச்சு வார்க்கும் மாவுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷமாக யார் யாருக்கோ பல் செய்து கொடுத்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டவர்களின் முகத்தைப் பார்த்தது அபூர்வம்.

அன்று டாக்டரே ஒருவரை உள்ளே அழைத்து வந்தார். பஸ் கண்டக்டர். திடீர் பிரேக்கில் கம்பியில் மோதி முன்பல் நாலையும் பறிகொடுத்தவர்.

"நீங்கதானா மேடம் என் பல்லைச் செஞ்சது? ஆறு மாசமா மனுஷங்க முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம். இப்பப் பாருங்க!" முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். "பிரமாதமா செஞ்சிருக்கீங்க."

அவளுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. இடது ஓரத்துப் பல்லு ஒரு சாயல் மஞ்சளாப் போச்சு. இன்னும் நல்லா வந்திருக்கணும்" என்று கொட்டிவிட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. கண்டக்டர் சுவர்க் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். "ஆமா... இப்பத் தெரியுது" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுக்காமலே போனார். டாக்டர் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கணவனிடம் சொன்னாள்.

"யாராச்சும் நல்லா இருக்குன்னா உனக்கு உடம்பெல்லாம் அரிக்குமே" என்றான் அவன்.

"அப்போ பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பல்லு நல்லா இருந்துச்சா, இல்லையா? அதைச் சொல்லு."

அவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

மறுநாள் கண்டக்டருக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அவர் சீருடையோடு வந்தார், வாயைக் கையால் மறைத்தபடி. ஜன்னலோரம் உட்கார வைத்து, நிறம் ஒப்பிடும் மாதிரிப் பற்களின் வரிசையை அவர் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்க சொந்தப் பல்லே ஒண்ணுக்கொண்ணு இதைவிட வித்தியாசமா இருக்கு. நேத்து நான் பேசினது என்னோட கெட்ட பழக்கம். மன்னிச்சிடுங்க."

"அப்போ நல்லாத்தான் இருக்கா?"

அவள் மாதிரிப் பற்களைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்கு. நல்லாத்தான் செஞ்சிருக்கேன்."

அவர் கையை எடுத்தார். "அதைத்தானே மேடம் நேத்து நானும் சொன்னேன்!"

"ஆனா அந்த—" நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சந்தோஷங்க."

காது இரண்டும் சுட்டன. அவர் போன பிறகு வேலைக்குத் திரும்பினாள். அச்சு மாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி குழைக்க ஆரம்பித்தாள்.