முடிச்சு நின்ற இடத்தில் குளியல் வீடு

மூன்று ஊருக்கும் பொதுவான நீராவிக் குளியல் வீடு, பனி இறுகிய மாதத்தில், வோல்கா ஆற்றின் கரையிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது. அடுப்பு அணையவில்லை. குளித்து முடித்தவர்கள் தலையைத் துவட்டியபடி வெளியே வந்து, வழி மாறியிருப்பதைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.

அதை ஆற்றோரம் கட்டியது பழக்கதோஷம். குளியல் வீடு தண்ணீர்ப் பக்கம்தான் என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்தபோது, மாவட்டக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் கிளாஃபீரா நிக்கானரவ்னா மட்டும் வேறு இடம் சொன்னாள். மூன்று ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஜனம். ஊர்ப்படம் வரைந்த பலகையில் மூன்று ஊர் இருக்கும் இடங்களிலும் மூன்று துளை போட்டு, கயிறுகளை விட்டு, கீழே சம எடைகளைத் தொங்கவிட்டு, மேல் நுனிகளை ஒரே முடிச்சாகக் கட்டினாள். எடைகள் முடிந்தமட்டும் இறங்கும். அப்போது பலகைமேல் மிஞ்சும் கயிறு மிகக் குறைவு, அதாவது மூன்று ஊராரின் நடையும் மிகக் குறைவு. முடிச்சு அசையாமல் நிற்கிறதென்றால் மூன்று சம இழுப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன; ஆகவே முடிச்சில் கயிறுகளுக்கு இடையிலான மூன்று கோணமும் சமம். பட்டத்துக்காக அவள் எழுதிய ஆய்வேட்டுக்கு உயிரே இதைச் சொல்லும் அத்தியாயம்தான்.

ஆய்வேட்டை மதிப்பிட்ட பேராசிரியர் இன்னகென்தி சவ்விச் அதை ஏற்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை.

“கயிறு உராயும், நீளும். இது நிரூபணமா, துணி காயப்போடற கொடியா, கிளாஃபீரா நிக்கானரவ்னா?”

“என் கயிறு மனசுல இருக்குங்க. அங்க அது எதுல உராயும்?”

வசந்தம் வந்தபோது, கோணங்கள் சமமாகும் புல்வெளியில் குளியல் வீடு நின்றுவிட்டது. தண்ணீருக்கு ஒரு கிணறும் சற்றுத் தாமதமாக அங்கே வந்து சேர்ந்தது. அந்த ஊர்களில் ஒன்றில் கோடைவீடு வைத்திருந்த பேராசிரியர் சனிக்கிழமை குளித்துவிட்டுச் செக்கச்சிவந்த முகத்தோடு வெளியே வந்ததும், ஊரார் சூழ்ந்துகொண்டார்கள்.

“இப்பவாவது ஒத்துக்கிறீங்களா, சவ்விச்?”

“வீடு நடந்துட்டா அது நிரூபணம் ஆயிடாதுய்யா.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஆனா உள்ள உட்கார்ந்து வேர்க்க வேர்க்க யோசிச்சேன். எடைகளுக்கு மிகத் தாழ்ந்த நிலைன்னு ஒண்ணு இருந்தே ஆகணும்னு நீங்க எங்கயும் காட்டல. அதைக் காட்டுங்க. மத்ததெல்லாம் நிக்குது. கையெழுத்துப் போடறேன்.”

அந்த ஓட்டை அத்தனை வருஷமாக அவள் கண்ணில் படவே இல்லை. ஒரே வாரத்தில் அடைத்தாள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரை முதலிலும், குளியல் வீட்டை அடுத்தும் எழுதினாள். இரண்டையும் யாரும் அடிக்கவில்லை.

இப்போதும் ஏதாவது ஓர் ஊரில் பிள்ளை பிறந்தால் குளியல் வீடு அந்தப் பக்கம் ஓர் எட்டு நகர்கிறது. சேதியே பல சமயம் அப்படித்தான் தெரிகிறது. கடைசியாகக் குளிப்பவர்கள் கொஞ்சம் ஆவியை அதற்கென்று விட்டுவைத்து, நன்றி சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள்.