கிலுகிலுப்பையும் குழந்தை ஷாம்பும்

நான் வந்த முடிவை நினைத்து என் மகன் ரொனால்டு இன்றுவரை சிரிக்கிறான். சிரிக்கட்டும். அந்த அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்த எந்தத் தாயும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பாள்.

மருமகள் கிளாராவின் அலமாரியில் பாச்சா உருண்டை போடப் போனேன். வேவு பார்க்கப் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலைகளுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. மூடி திறந்துதான் கிடந்தது, பாதி. மீதியை நான் திறந்தேன்.

உள்ளே ஒரு சின்ன பாட்டில் குழந்தை ஷாம்பு. ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும் கிலுகிலுப்பை, அதுவும் எவர்சில்வரில். பல் முளைக்கிற பிள்ளைக்குக் கடிக்கக் கொடுப்போமே, அந்த மாதிரி மெத்தென்ற ரப்பர். ஒரு விசில். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சிலேட்டு, கயிற்றில் கட்டிய பென்சிலோடு. சிலேட்டைப் பார்த்ததும் கொஞ்சம் இடித்தது. பிறக்கும் முன்னேயே சிலேட்டா? ஆனால் கிளாரா பள்ளிக்கூட டீச்சர், அப்படித்தான் யோசிப்பாள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் போதும், "விசேஷம் உண்டா செபாஸ்தியம்மா?" என்று யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள். நான் கிளாராவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவில்லையே தவிர, பேரப்பிள்ளை ஆசை எனக்குத் தொண்டைவரை இருந்தது. அன்று அந்தக் கிலுகிலுப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பாச்சா உருண்டை வாசனைக்கு நடுவில் நின்று அழுதேன்.

அவளாகச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கையை மூட முடியவில்லை. தண்ணீர்க் குடத்தை அவள் தொடும் முன் நான் தூக்கினேன். மாதுளை உரித்து வைத்தேன். ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். எனக்குத் தையல் கடை இருக்கிறது, நாகல் நகரில் என் ரவிக்கைக்குத் தனிப் பேர். மஞ்சள் பூப்போட்ட மெல்லிய பருத்தித் துணி வாங்கிவந்து, சின்னச் சட்டைக்கு வெட்டாமல் மடித்து வைத்தேன். பிறக்கும் முன் தைக்கக்கூடாது என்பார்கள். வாங்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

வடமதுரையில் இருக்கிற என் தங்கச்சி அன்னாளிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொல்வதும் பஸ் ஸ்டாண்டு மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே மாங்காயும் அதிரசமுமாக வந்து இறங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரொனால்டு, "அம்மா, நாளைக்கு நாங்க தூத்துக்குடி போறோம். கிளாராவுக்குக் கடல்ல ஒரு பரீட்சை" என்றான்.

"ஏலே, இந்த நேரத்துல கடலா?" என்றேன்.

"எந்த நேரத்துல அத்தை?" என்றாள் கிளாரா.

நான் வாயைத் திறக்கும் முன் அன்னாள் முந்திக்கொண்டாள். "மறைக்காத தாயி. ஷாம்பு, கிலுகிலுப்பை அம்புட்டையும் அக்கா பாத்துருச்சு. எத்தனை மாசம்?"

கிளாரா முகம் சிவந்தது. எழுந்து போய் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கூடவே முகத்தில் மாட்டுகிற ஒரு பெரிய கண்ணாடியும். நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று இத்தனை நாள் அவள் என்னிடம் சொல்லிவந்தது பாதிதான் உண்மையாம். காற்றடைத்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கும் வகுப்பாம். நான் பயப்படுவேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள்.

"சிலிண்டர் அங்கேயே குடுப்பாங்க அத்தை. இதெல்லாம் நானா ஆசைப்பட்டு வாங்கின துண்டு துக்கடா. ஷாம்பு ஒரு சொட்டு தேய்ச்சா கண்ணாடியில ஆவி படியாது. தண்ணிக்குள்ள பேச முடியாதுல்ல, துணைக்கு வர்றவங்களைக் கூப்பிட இந்தக் கிலுகிலுப்பை. அதுக்கு மேல சொல்லணும்னா சிலேட்டுல எழுதிக் காட்டணும். ரப்பரைக் கடிச்சுக்கிட்டுத்தான் மூச்சு விடணும்."

"விசிலு?" என்றாள் அன்னாள்.

"மேல வந்ததும் படகைக் கூப்பிட."

ரொனால்டு சிரித்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அதிரசத் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போய்விட்டேன். கோபம் அவன்மேல் இல்லை. ஆசைப்பட்டு ஏமாந்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம்.

கொஞ்ச நேரத்தில் கிளாரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி அவள் கையிலேயே இருந்தது. "மறைச்சது தப்புதான் அத்தை. புள்ளை வேணும்னு எனக்கும் ஆசை இருக்கு. வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டு மட்டுமே இருக்கணுமா?"

பூசை முடிந்து என்னைக் கேட்கிறவர்கள் அவளை எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைப் பார்த்தேன். அதன் ரப்பர்ப் பட்டையில் நாலைந்து நீள முடி சிக்கியிருந்தது.

"இது என்னடி, முடியைப் பிடுங்குதா?"

"ஆமா அத்தை. கழட்டும்போது உயிர் போகுது. அதுக்குத் துணி உறை விக்கிறாங்க. விலையைக் கேட்டுட்டு வாங்கலை."

"துணி உறையைக் காசு குடுத்து வாங்க நம்ம வீட்டுல என்ன மிஷினா இல்ல?" அளவு நாடாவை எடுத்தேன். மஞ்சள் பூத் துணியை விரித்தேன். அது எதற்கு வாங்கியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டாள். நானும் மறைக்கவில்லை. அழுதுகொண்டேதான் வெட்டினேன், ஆனாலும் கோணவில்லை.

மறுநாள் நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். கடல் என்றால் எனக்கு வேளாங்கண்ணியில் கணுக்கால் நனைத்த அளவுதான் பழக்கம். படகு ஆட, ரொனால்டு வாந்தி எடுக்க, கிளாரா மஞ்சள் பூ உறை போட்ட கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரோடு முதுகுப் பக்கமாகத் தண்ணீருக்குள் விழுந்தாள். கொஞ்சம் குமிழி வந்தது. பிறகு அதுவும் தள்ளிப் போய்விட்டது.

செபமாலையை எடுத்தேன். பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஸ்கூட்டர் சாவியை ஒளித்தவளுக்கு இந்தக் கடலை ஒளிக்கத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சிலேட்டு, ஷாம்பு என்று வாங்கினவள் ஏதாவது முக்கியமானதை மறந்திருந்தால்?

அப்போது தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. அம்புட்டுத் தண்ணீருக்கு நடுவில் மஞ்சள் பூ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வீடு நிறைய ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்த எனக்கு, அந்த விசிலைக் கேட்டதும் மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது.

படகுக்காரர் என்ஜினைக் கிளப்பிக்கொண்டே, "அந்தா விசில் அடிக்கிறது யாரும்மா, உங்க மருமகளா?" என்று கேட்டார்.

"எம் புள்ளைப்பா" என்றேன். "சீக்கிரம் போங்க, கூப்பிடுறா."