விண்கலத்தில் மெயினை அணைத்தவன்

அந்த விண்கலத்தில் ஆறு முறை செத்தாயிற்று. ஆறு முறையும் கலத்தை ஓட்டியது அவள் கட்டிய புருஷன்தான்.

விண்கலம் என்பது ஒரு கணினி விளையாட்டு. எழுதியவள் அவள். இரண்டு வருஷ உழைப்பு. படமும் கிடையாது, சத்தமும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'பலகையைத் திற' என்று தட்டினால், என்ன நடந்தது என்று கலத்தின் கணினி பதில் எழுதும். போட்டிக்கு அனுப்ப மாலை ஐந்து மணி கெடு. எழுதியவர் அல்லாத ஒருவர் கடைசிவரை ஆடி, முடிவில் வரும் ரகசிய எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மணி நாலு இருபது. அவசரத்துக்கு அகப்பட்டது எலக்ட்ரீஷியன் புருஷன் ஒருவன்தான்.

'கட்டுப்பாட்டுப் பலகையில் புகை. என்ன செய்கிறீர்கள்?' என்றது கணினி.

அவன் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினான்: 'மெயினை அணை.'

'காற்று நின்றது. நீங்கள் இறந்துவிட்டீர்கள்.'

இதோடு ஏழு.

“ஏங்க, பலகையைத் திறந்து ஒயரை மாத்துங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?”

“கரண்ட் ஓடுற ஒயர்ல கை வைக்கச் சொல்றியா? இருபது வருஷத்துல ஒரு நாளும் வச்சதில்ல.”

“அது கரண்ட் இல்லைங்க. வெறும் எழுத்து.”

“உனக்கு எழுத்து. உள்ள நிக்கிறது நானாச்சே.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், இன்றைக்குப் போய் உள்ளே நிற்கிறானாம்! கோபத்தோடு கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்து தொலைத்தது.

“நகருங்க” என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். மெயினை அணைத்தாலும் பத்து நிமிஷம் மூச்சுவிடக் காற்று இருக்கும் என்று கதையை மாற்றி எழுதினாள். முடித்தபோது மணி நாலு ஐம்பது.

அவன் மறுபடி உட்கார்ந்து மெயினை அணைத்தான். சாகவில்லை. பலகையைத் திறந்தான், ஒயரை மாற்றினான், மூடினான். மெயினைப் போட்டால் ஆட்டம் முடிந்தது. மணி நாலு ஐம்பத்தாறு. அந்த மகராசன் தட்டியதோ, 'எல்லாரும் தள்ளி நில்லுங்க.'

'கலத்தில் உங்களைத் தவிர யாரும் இல்லை.'

அந்த வரியை எழுதியவளும் அவள்தான். எழுதிய அன்று தன்னைப் பற்றியே எழுதுகிற மாதிரி இருந்தது.

அவன் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் திரும்பினான். “தப்பா சொல்லுது. நீ இருக்கியே. மேசையிலேர்ந்து கைய எடு, மெயினைப் போடப்போறேன்.”

கெடுவுக்கு நாலே நிமிஷம். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் குனிந்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, நிதானமாக மெயினைப் போட்டான்.

எண் வந்தது. கண் கலங்கி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாக வாசித்தான். அவள் தட்டி அனுப்பியபோது ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது.