மாதேஸ்வரனை மலைக்குச் சொன்ன மாநாடு

மாதேஸ்வரன் இறந்தது மாநாட்டின் இரண்டாம் நாள், மாலைத் தேநீருக்குச் சற்று முன்பு. தேநீருக்குப் பிறகு எடுத்த குழுப் புகைப்படத்தில் அவரும் நிற்கிறார், மூன்றாவது வரிசையில், கையில் ஒரு துண்டு கேக்கோடு. ஏற்காட்டில் அதற்கு முன்பும் மாநாடுகள் நடந்திருக்கின்றன. பல் மருத்துவர்கள் வந்தார்கள், காப்பீட்டு முகவர்கள் வந்தார்கள், ஏரியில் படகு மிதித்தார்கள், ஒண்டிக்கடையில் மிளகு வாங்கிக்கொண்டு இறங்கிப்போனார்கள். யாரும் யாரையும் சாகடிக்கவில்லை. இது உலக மலைப்பயிர் மாநாடு. பதினான்கு நாடுகளிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு பேர் வந்தார்கள், எல்லோரும் நல்லவர்கள். அதுதான் சிக்கல் என்று அப்போது ஏற்காட்டுக்காரர்களான எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு எது தோன்றியிருக்கிறது? அன்று இலவசமாகக் கொடுத்த வடை பெரிது என்று மட்டும் தோன்றியது.

கரடியூரைத் தாண்டி மேலே ஏறினால் மேல்காடு, பதினெட்டு வீடு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தாலும் ஆள் செத்தாலும் ஊர்க்கோடிப் பாறையில் நின்று, சேர்வராயன் மலையைப் பார்த்து மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். மலைக்குச் சொன்னால்தான் பிறப்பு பிறப்பு, சாவு சாவு. சர்க்கார் சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்து, செத்துப்போன ஒரு கிழவரை நான்கு நாள் மலைக்குச் சொல்ல முடியாமல் போனது. அந்த நான்கு நாளும் அவர் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டுக்கொண்டிருந்தார், ஐந்தாம் நாள் வெயில் வந்தது, சொன்னார்கள், படுத்துவிட்டார். சுற்றுலாக்காரர்களுக்குச் செய்துகாட்டும்போது மேல்காட்டார் ராகித் தாள் கட்டு ஒன்றைக் கிடத்தி, அதற்குப் பொன்னான் என்று பெயர் வைத்து, பொன்னான் போனான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். மலையும் அதைக் கண்டுகொண்டதில்லை.

மாநாட்டுக் குழு இரண்டு விதி வைத்திருந்தது. பண்பாட்டு மாலையில் யாரும் வெறும் பார்வையாளராக இருக்கக் கூடாது. யாரையும் வைக்கோலால் குறிக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வந்த இருவருக்காகப் பாறைவரை பலகை போட்டுச் சரிவுப்பாதை அமைத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான், மேல்காட்டுக் கர்ப்பிணிகளுக்கு எழுபது வருடமாகக் கிடைக்காத பாதை மூன்றே மணி நேரத்தில் வந்தது, நான்காம் நாள் கழற்றிக்கொண்டும் போனார்கள். காது கேளாத ஒருவருக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். ராகிக் கட்டுக்குப் பதிலாக ஊரில் ஒருவர் படுக்க வேண்டும் என்றதும் மாதேஸ்வரன் முன்வந்தார். காப்பிக்காட்டில் கவாத்து முடிந்திருந்தது, வேலை இல்லை. "மல்லாக்கப் படுக்கறதுதானுங்களே, ஊட்ல அதைத்தான் பண்றேன்னு கண்ணாயி திட்டிக்கிட்டே இருக்கறா. இங்க படுத்தா கை தட்டுவாங்க" என்றார். பொன்னான் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் செல்வராஜ் எல்லோரிடமும் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் மாநாட்டில் கலந்துகொள்ளும் அத்தனை பேரும் கழுத்தில் பெயர் அட்டை மாட்ட வேண்டும் என்பதும் விதி. பிணமும் கலந்துகொள்பவர்தானே. ஒலிவாங்கியை முதலில் வாங்கியவர் ஒரு வெள்ளைத் தலைப் பேராசிரியை. மூன்று மாதம் தமிழ் படித்துவிட்டு வந்தவர். எதிரில் கிடக்கும் மனிதரைப் பொய்ப் பெயரால் அழைப்பது மரியாதையல்ல என்று அவருக்குப் பட்டது. குனிந்து, அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு பிழையும் இல்லாமல், மாதேஸ்வரன் என்று மலைக்குச் சொன்னார். மற்ற நூற்றுப்பதினொரு பேரும் அவர் சொன்னதைச் சொன்னார்கள். காது கேளாதவர் கையால் சொன்னார், மலைக்கு அதுவும் புரிந்தது. நல்ல ஒலிபெருக்கி. மூன்றாம் முறை கிளியூர்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அதுவரை அடித்துக்கொண்டிருந்த பறை நின்றது. மாதேஸ்வரன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, தேநீர் வரிசைக்குப் போனார். கேக்கில் ருசி இல்லை என்பதைத் தவிர அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஓட்டல் கேக் என்பதால் அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டு நாய்தான் முதலில் சொன்னது. அவரைத் தாண்டிப் பார்த்து, அவருக்குப் பின்னால் வந்த மனைவி கண்ணாயியிடம் வாலாட்டியது. இரவு பெய்த மழை அவர்மேல் விழவில்லை, அவர் வழியாக விழுந்தது. காலையில் காட்டுக்குள் நடந்து வந்தபோது கண்ணாயியின் காலில் ஏழு அட்டைப்பூச்சி, அவர் காலில் ஒன்றுகூட இல்லை. மேல்காட்டில் அதற்குமேல் மருத்துவச் சோதனை தேவையில்லை. ரேஷன் கடை இயந்திரமும் அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை, ஆனால் அது உயிரோடிருப்பவர்களுக்கே ஏற்பதில்லை என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கண்ணாயி நேரே ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார்.

"ஏனுங்க கவுண்டரே, சொன்னதைத் திருப்பி வாங்க வழி இல்லீங்களா?"

"இருக்குது ஆயா. சொன்னவுங்களே அதே பாறையில சொல்லோணும், நான் சொன்னது தப்புன்னு. பதினாறாம் நாள் பொழுது சாயறக்குள்ள. ஒரு வாய் மிச்சமிருந்தாலும் சாவு சாவுதான்."

"அதுக்கப்பறம்?"

"செத்தவுங்களும் இருக்கறவுங்களும் ஒரு கூரைக்கடியில படுக்கக் கூடாதில்லீங். அவனை வெளியில அனுப்பிப் போடோணும்." பிறகு, தன் காலைப் பார்த்துக்கொண்டே, "நொம்ப நல்லவன் ஆயா" என்றார். இறந்தவரைப் பற்றிப் பேசும் குரல் அவருக்கு அதற்குள் வந்துவிட்டது.

அதற்குள் மாநாடு முடிந்து வந்தவர்கள் எல்லோரும் மலையிறங்கிவிட்டார்கள். சேலத்திலிருந்து வந்து மாநாட்டு ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்ட விக்னேஷிடம் நூற்றுப்பன்னிரண்டு பேரின் எண்களும் இருந்தன. முதலில் அவன், "அக்கா, கருத்துப் படிவத்துல எல்லாரும் உங்க நிகழ்ச்சிக்குத்தான் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க" என்றான். பிறகு மாதேஸ்வரன் வழியாகத் தூறல் விழுவதைப் பார்த்தான், அடுத்த பஸ்ஸைப் பிடிக்காமல் அங்கேயே தங்கிவிட்டான். மேல்காட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பாறைதான். பதினான்கு நாள் அங்கே நின்று, விக்னேஷ் போன் போட, கண்ணாயி அதை மலையை நோக்கித் தூக்கிப் பிடித்தார். நல்லவர்கள் என்று முன்பே சொன்னோம். விடிகாலையில் எழுந்து சொன்னார்கள், விமான நிலையத்தில் நின்று சொன்னார்கள், ஒருவர் பல் பிடுங்கிய வாயோடு சொன்னார். காது கேளாதவருக்காகத் திரையை மலைப்பக்கம் திருப்பிக் காட்டினார்கள். அறுபதாவது ஆளுக்கு நாய் மாதேஸ்வரனைப் பார்த்துக் குரைத்தது. நூறாவது ஆளுக்கு ஒரு அட்டைப்பூச்சி அவர் கணுக்காலைக் கடித்தது. ரத்தம் ஒழுகுவதைப் பார்த்துக் கண்ணாயி அழுதார். அதைப் பிடுங்க விடவில்லை, குடித்துவிட்டு அதுவாக விழட்டும் என்றார்.

நூற்றுப்பதினொன்று முடிந்தபோது பதினாறாம் நாள் மதியம். மிச்சம் பேராசிரியை. அவர் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தார். சுத்தமான தமிழில் பேசினார்.

"அம்மா, உங்கள் மரபு மிகப் பழமையானது. அதை ஒரு வெளியாள் தன் வசதிக்காக மாற்றக் கூடாது. நான் அதை மதிக்கிறேன்."

"மரபு கெடக்குதுங்க அம்மிணி. உங்க வாயில வந்த பேருங்க. நீங்களே திருப்பி வாங்கிக்கோங்க. ரெண்டே வார்த்தைங்க."

"மன்னிக்க வேண்டும். நான் சொன்னது தவறு என்றால் உங்கள் மலை தவறு என்று ஆகிவிடும். அதை நான் எப்படிச் சொல்வேன்?"

"எங்க மலைங்க. நாங்க பாத்துக்கறோம்."

பேராசிரியை அழுதார். உண்மையான அழுகை, விக்னேஷ் சாட்சி. மேல்காட்டைப் பற்றித் தான் எழுதும் கட்டுரையை மாதேஸ்வரனுக்கே காணிக்கையாக்கப் போவதாகச் சொன்னார், காலஞ்சென்ற என்று போடுவதா அமரர் என்று போடுவதா, எது மரியாதை என்று கேட்டார். அழைப்பு துண்டித்ததா, கண்ணாயி துண்டித்தாரா என்பது தெரியவில்லை. பிறகு எத்தனை முறை போட்டும் பேராசிரியை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தது. கணுக்காலில் கசிந்துகொண்டிருந்த ரத்தம் நின்றது, நாய் வேறு பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

ஊரே கண்ணாயி வீட்டு வாசலில் கூடியது. நாங்களும் ஏற்காட்டிலிருந்து ஜீப் பிடித்துப் போயிருந்தோம், ஆறுதல் சொல்லவா வேடிக்கை பார்க்கவா என்று இன்றுவரை முடிவாகவில்லை. மாதேஸ்வரன் ஒரு போர்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குளிர் தெரியாதவருக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "நானு காப்பிக்காட்ல படுத்துக்கறேன் புள்ள. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார்.

கண்ணாயி ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். "ஒரு கூரைக்கடியில கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதானுங் ஆயா."

கண்ணாயி ஏணியை எடுத்துவந்து சுவரில் சாய்த்து மேலே ஏறினார். ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தார். விக்னேஷ் வாங்கி அடுக்கினான், கொஞ்ச நேரத்தில் ஊர்க்கவுண்டரும் வாங்கினார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு நான்கு சுவரும் ஒரு கதவும் மிச்சமிருந்தன. மாதேஸ்வரன் கதவைத் திறந்து உள்ளே போய் வழக்கமான மூலையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். வழக்கப்படி அதில் பிழை ஏதும் இல்லை.

அது நடந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. ராத்திரி கண்ணாயி சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் மாதேஸ்வரன் நனையாமல் குறட்டை விடுவார். கண்ணாயிக்கு மார்ச்சளி பிடித்துவிட்டது. இரண்டு விரல் முடங்கிவிட்டன, இப்போது அவருக்குக் காப்பிப்பழம் பறிக்க வருவதில்லை. புதிதாக வரும் மாநாடுகளின் பண்பாட்டு மாலையில் கூரையில்லாத அந்த வீடும் சேர்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடை கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள், சக்கர நாற்காலிக்குப் பலகை போடுகிறார்கள். போன ஆடியில், நல்ல மழையில், வந்தவர்களில் ஒரு அம்மாள் பொறுக்காமல், "ஏனுங்க, ரெண்டு பேரும் இப்படி நனையறீங்களே" என்று கேட்டார்.

"ஒருத்தருதானுங்க நனையறோம்" என்றார் கண்ணாயி.