பள்ளிக்கூடத்துக்கு ஒரு மறுப்பு

மூன்றரை மணிக்கு ஜெசிந்தா மகளைக் கூப்பிடப் போனபோது பள்ளிக்கூடம் இல்லை. கேட் இல்லை, சுற்றுச்சுவர் இல்லை. கருவேலம் முளைத்த வெறும் திடல்தான் இருந்தது. இரண்டாம் வகுப்பு டெல்ஃபின் காலையில் அதற்குள்தான் போயிருந்தாள்.

காரணம் ஜெசிந்தாவுக்குத் தெரியும். மதியம் கைபேசியில் ஒரு செய்தி வந்தது: 'பத்து வருடம் முன்பே இடிக்கப்பட்ட பள்ளி.' மேலே 'வைகறைச் செய்தி' பத்திரிகையின் சிவப்புச் சேவல். பத்திரிகையை அச்சு அசலாகக் காப்பியடித்த போலி வெப்சைட் அது. அவளுக்கென்ன தெரியும்? சேவலைப் பார்த்தாள், போதும்! எந்தப் பள்ளி என்றுகூடப் படிக்காமலே தெரு குரூப், சர்ச் குரூப், சொந்தக்காரர் குரூப் மூன்றுக்கும் தட்டிவிட்டாள். 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்று கீழே ஒரு வரி. அதைப் போட்டுவிட்டால் பாவம் நம்மைச் சேராது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

நேரே பத்திரிகை ஆபீசுக்கு ஓடினாள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆபீஸ். ஒரே பலகை, ஒரே சேவல். இரண்டு வாசலுக்கும் ஒரே வாட்ச்மேன்.

"இதுல எதுண்ணே நெசம்?"

"ரெண்டுலயும் சம்பளம் போடுதாங்க, தாயி."

கிட்டே இருந்த வாசலில் நுழைந்தாள். உள்ளே நடை, நடக்க நடக்க நீண்டது. கடைசியில் மகாராசன் என்ற உதவி ஆசிரியர் இருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சார், பள்ளிக்கூடம் இருக்குன்னு போடுங்க. எம்புள்ள உள்ள இருக்கா."

"போட்டிரலாம்மா. ஆனா, ஒண்ணு உண்டுன்னு போட்டா இன்னொண்ணு இல்லன்னு போடணும். இல்லன்னா பக்கம் நிக்காது."

"எதையாவது போடுங்க சார், சீக்கிரம்!"

"பிள்ளை பேரு?"

சொன்னாள். பிள்ளை பேரைக் கேட்டால் பெற்றவள் சொல்லத்தானே செய்வாள்! அவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் இருந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வெளியே வந்தார்கள். கடைசிப் பிள்ளையும் போனபின் வகுப்பு டீச்சர் கேட்டைச் சாத்த வந்தார்.

"மிஸ், டெல்ஃபின் எங்க?"

டீச்சர் தன் கைபேசியை நீட்டினார். சேவலுக்குக் கீழே இருந்தது: 'பள்ளி உள்ளது. அங்கே எஸ். டெல்ஃபின் என்ற மாணவி படிப்பதாகப் பரவும் தகவல் பொய்.'

"ஐயோ மிஸ், காலையில நாந்தான் ரெட்டைச்சடை பின்னி விட்டேன்!"

"பத்திரிகையிலயே வந்திருச்சேக்கா" என்றார் டீச்சர். பரிதாபமாகத்தான் சொன்னார்.

ஜெசிந்தா கணவன் சேவியருக்கு போன் போட்டாள்.

"என்னங்க, டெல்ஃபினக் காணோம்!"

"யாரு? குரூப்புல வந்த பொண்ணா?"

"நம்ம புள்ளங்க!"



"நமக்கு ஏதுட்டி புள்ள?" என்றான் சேவியர், மெதுவாக.