கேலரி பர்மனன்ட்

காலைச் சங்கு ஊதியதும் இசக்கிமுத்து எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பில் பால் வைத்தான். ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துணியால் துடைத்தான். இரண்டு டம்ளரில் காபி ஆற்றினான். ஒன்றைக் குடித்தான். பிறகு மற்றதையும் குடித்தான். இதைப் பெருந்துக்கம் என்று குவார்ட்டர்ஸ் பிளாக்கே பேசிக்கொண்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் பால்காரி இன்னும் இருவருக்கான அளவையே ஊற்றிக்கொண்டிருந்தாள். குறைக்கச் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

மனைவி சந்திரகலா போய்ச்சேர்ந்தது தை மாதம். இப்போது ஆவணி. நடுவில் அவன் வாய் திறந்ததெல்லாம் ஆபீசில் 'எஸ் சார்' சொல்ல மட்டும்தான்.

டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது எதிர் குவார்ட்டர்ஸ் ராமலிங்கம் சுருட்டிய வரைபடத்தோடு உள்ளே வந்தார். மைன்ஸில் ஃபோர்மேன். மனிதர் நல்லவர், ஆனால் ஊருக்கு ஒரு ஸ்டேடியம் கட்டாமல் ரிடையர் ஆவதில்லை என்று சபதம் எடுத்தவர். நெய்வேலி டவுன்ஷிப்பின் பொதுநிதியில் அந்த வருஷம் பணம் மிஞ்சியிருந்தது. அதை எதில் போடலாம் என்று குடியிருப்போர் கமிட்டி முடிவு செய்ய வேண்டும். ராமலிங்கம் ஸ்டேடியம் என்றார். கணக்கு டீச்சர் கஸ்தூரியம்மாள், மந்தாரக்குப்பம் சாலைக்கு விளக்கு என்றார். பந்து உருளுவதைப் பார்க்கக் காசு இருக்கிறது, இருட்டில் மனுஷர் உருளுவதைத் தடுக்கக் காசில்லையா என்பது அவர் கேள்வி. கமிட்டி சரிபாதியாகப் பிளந்து நின்றது. எந்தப் பக்கமும் சேராமல் மிஞ்சியவன் இசக்கிமுத்து ஒருவனே. அவனைக் கமிட்டியில் தள்ளிவிட்டதும் சந்திரகலாதான். அவளுக்குக் கால்பந்துப் பைத்தியம்.

ராமலிங்கம் வரைபடத்தைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர்களையும் தன் செருப்பையும் வைத்தார். இப்போது மைதானத்தில் மேட்ச் நடக்கும்போதெல்லாம் சவுக்குக் கட்டையில் தற்காலிக கேலரி கட்டுவார்கள், முடிந்ததும் பிரிப்பார்கள். இனி அது சிமென்ட். கிழக்குப் பக்கம், ஆஸ்பத்திரியைப் பார்த்த மாதிரி, மாடி உயரத்துக்கு எழும்பும்.

"பொம்பளைங்க கேலரிக்கு நம்ம சந்திரகலா பேரு வைக்கிறோம் தம்பி. கல்வெட்டோட. நீ கைய மட்டும் தூக்கு."

"ம்."

இந்த 'ம்'மைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ராமலிங்கம், கூட்டத்துக்கு நோட்டீஸும் அவனையே எழுதச் சொன்னார். பி.ஏ. படித்தவன், பத்தி பத்தியாக எழுதுவான் என்று நினைத்தார். அவன் எழுதியது இவ்வளவுதான்: 'ஞாயிறு மாலை கூட்டம். கேலரியை பர்மனன்ட் ஆக்குவது பற்றி.'

அதில் ஒரு தப்புமில்லை. ஆனால் வடக்குத்தில் 'கேலரி' என்றால் ஒரு ஆள். வருஷாவருஷம் மைதானத்தில் சவுக்குக் கட்டை கட்டிக் கட்டி, சிங்காரவேல் என்ற பேர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. பெற்ற தாயே அவனை 'டேய் கேலரி' என்றுதான் கூப்பிட்டாள். அவன் கான்ட்ராக்ட் கூலி. நெய்வேலியில் கான்ட்ராக்டாக இருப்பவன் காதில் 'பர்மனன்ட்' என்ற சொல் விழுந்தால் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பெண் பார்க்கப் போனாலும் முதல் கேள்வி அதுதானே.

ஞாயிறன்று வடக்குத்தே திரண்டு வந்தது. சிங்காரவேல் நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் சம்பங்கி மாலையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தான். அவன் மனைவி வீராயி எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். விளையாட்டின்மேல் ஜனங்களுக்கு இத்தனை பக்தியா என்று ராமலிங்கத்துக்குக் கண் கலங்கியது. தானும் இரண்டு முறை சர்க்கரை வாங்கிக்கொண்டார்.

கஸ்தூரியம்மாள் எழுந்தார். கேலரி பர்மனன்ட் ஆக வேண்டிய அவசியமே இல்லை, வருஷத்துக்கு நாலு நாள் உபயோகம், மற்ற நாளெல்லாம் வெறுமனே வெயில் காயும், அதற்குப் போய்ப் பொதுப்பணமா என்றார்.

வீராயி சர்க்கரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"எம்மா டீச்சரு, நாலு நாளா? வருசம் பூரா மைன்ஸ்ல மண்ணு வாரிக்கினு இருக்காரு. வூட்டுல ஒரு நாளு வெறுமன குந்தி நான் பாத்ததில்ல."

"நான் கேலரியைச் சொல்றேன்மா."

"நானும் அவரத்தான் சொல்றேன்."

"சிமென்ட் கேலரியைச் சொல்றேன்."

"சிமென்ட்டு வேலையும் தெரியுங்க அவருக்கு."

கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கும்போதே விஷயம் ஒவ்வொருவருக்கும் புரியப் புரிய, சிரிப்பு பின்வரிசையிலிருந்து அடங்கிக்கொண்டு வந்தது. கடைசியாகப் புரிந்தது சிங்காரவேலுக்கு. பர்மனன்ட் ஆகப்போவது அவன் இல்லை. சிமென்ட் வந்துவிட்டால் சவுக்குக் கட்டை கட்டுகிற வேலையும் இல்லை. அவன் மாலையைக் கழற்றினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலிக்கே போட்டான்.

"கட்டடம் பர்மனன்ட் ஆவுது. நாந்தான் ஆவல" என்றான், யாரையும் பார்க்காமல்.

கூட்டம் கைமீறுவது ராமலிங்கத்துக்குத் தெரிந்தது. மடியில் வைத்திருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இந்த மைதானத்தின்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு மகராசி இருந்தாள் என்று ஆரம்பித்தார். அவள் கடைசி மூச்சில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, 'நம்ம ஊருக்கு ஒரு ஸ்டேடியம் வேணும்' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். அந்த வார்த்தையைத்தான் கல்லில் வெட்டப்போகிறோம். இதற்குமேல் மனசாட்சி உள்ளவர்கள் கை தூக்கலாம்.

முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கமிட்டியில் பாதிக் கைகள் எழுந்தன. கஸ்தூரியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையை மட்டும் தூக்கவில்லை. அவர் பக்கத்தில் யாருமே தூக்கவில்லை. பழையபடி சரிபாதி. எல்லாரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். தூக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. தூக்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பிறகு ஆயுசு முழுக்க அந்தக் கல்லைத் தாண்டி ஆபீசுக்குப் போக வேண்டும். அவள் சொல்லாத ஒன்றை அவள் சொன்னதாக, தினமும் ஊரே படிக்கும்.

எழுந்து நின்றான்.

"அவ அப்படிச் சொல்லல, அண்ணாச்சி."

அவன் குரல் அப்படித்தான் இருக்கும் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. கஸ்தூரியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

ராமலிங்கம் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், ஊர் நன்மைக்காக ஒரு வார்த்தை கூடக் குறைய இருந்தால் தப்பில்லை, அவளுக்கும் பெருமைதானே என்றார். இசக்கிமுத்து மேசைமேல் கிடந்த வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினான். புது கேலரியின்மேல் விரலை வைத்து, அங்கிருந்து நேர்கோடாக நகர்த்தி, ஆஸ்பத்திரியில் நிறுத்தினான். இது பெண்கள் வார்டு ஜன்னல் என்றான். சந்திரகலாவின் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் கிடந்தது. அவள் போன அன்றைக்கும் மேட்ச். சவுக்குக் கேலரி தாழ்வாக இருந்ததால் அதற்கு மேலாக மைதானம் முழுக்கத் தெரிந்தது. வார்டில் நடக்க முடிந்தவர்களெல்லாம் அந்த ஜன்னலண்டைதான் நின்றார்கள். மாடி உயரத்துக்குச் சிமென்ட் எழுப்பினால் படுத்திருப்பவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

"நான் கை தூக்க மாட்டேன்" என்றான். "சிங்காரவேலு கட்டுற கேலரி போதும்."

சிங்காரவேல் நிமிர்ந்து பார்த்தான். அவன் சொந்தப் பேரைச் சபையில் யாரோ சொன்னதில் வீராயிக்கே ஒரு கணம் ஆள் அடையாளம் தெரியவில்லை.

ராமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். அது மாலை போட்ட நாற்காலி. கோபம் போய், அவர் முகத்தில் வெறும் ஆவல்தான் மிச்சமிருந்தது.

"அப்ப என்னதான்டா தம்பி சொன்னா அந்தப் பொண்ணு?"

இசக்கிமுத்து யோசிக்கவில்லை. அன்றைக்கு அவன் ஜன்னல் பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் தலையணையிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மறைக்குதுல்லா."